பத்துப் பாக ஆழத்தில் ஓர் ஏப்பம்

மரியானுக்கு நெஞ்சு எரிந்தது. தொண்டைக்குழியில் யாரோ நெருப்புக் கங்கை வைத்து ஊதுகிற மாதிரியான எரிச்சல். கடலடியில் குனிந்து மணலைத் துழாவினால் புளித்த நீர் மூக்குவரை ஏறியது. மூன்று நாளாகப் பாதி மூச்சிலேயே மேலே வந்துவிட்டான். மூன்று நாளும் வலைப்பையில் ஒரு சங்குகூட இல்லை. இன்றைய முதல் முழுக்கும் வெறும் முழுக்கானால் அவன் இடத்தில் ரோச் இறங்குவான் என்று படகை நடத்தும் தண்டல் அம்புரோஸ் கரையிலேயே சொல்லிவிட்டார். வல்லம் என்கிற அந்தப் படகும் அவருடையது. சொன்னால் சொன்னதுதான்.

ரோச், மரியானின் மனைவி ஆக்னஸின் தம்பி. சங்கு குளிக்கிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பவன் மச்சினனாக இருக்கவேண்டும் என்பது கடற்கரை வழக்கம். அக்கா தாலி அறுக்க எந்தத் தம்பி விடுவான்? வழக்கம் ஒழுங்காகத்தான் நடந்தது, எட்டு மாதத்துக்கு முன் மரியான் ஆக்னஸைக் கைநீட்டி அடிக்கும்வரை. அன்று ரோச் நடுத்தெருவில் வைத்து மரியானின் பல் ஒன்றைப் பெயர்த்தான். அதற்குப் பிறகும் கயிறு ரோச்சின் கையில்தான், ஆனால் இருவருக்கும் பேச்சில்லை. சொல்லவேண்டியதைத் தண்டலிடம் சொல்வார்கள்.

மருந்துக்கு மரியான் அலையாமல் இல்லை. யுத்த காலம், சீமை மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சோடா உப்பைக் கரைத்து ஒரு புட்டி கொடுத்தார். குடித்த நிமிஷமே பெரிய ஏப்பம், உடனே சொர்க்கம். ஒரு மணி நேரம் போனால் இரண்டு பங்காக எரியும். சுக்கும் கருப்பட்டியும் தின்று பார்த்தான். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கிடந்தான். நாட்டு மருந்துக்கடைக் காசிலிங்கம் அண்ணாச்சி சங்கு பஸ்பத்தை வெண்ணெயில் குழைத்துத் தந்தார். அது அரைமணி நேரம் சோதித்துவிட்டுத்தான் அடக்கும், ஆனால் மத்தியானம்வரை நிற்கும். கம்பவுண்டர் அதை வெறும் சுண்ணாம்பு என்றார். அண்ணாச்சி திருப்பிச் சொன்னதை நாலு பேர் நடுவில் சொல்ல முடியாது.

வல்லம் குளி இடத்தை நெருங்கியபோது மரியானின் மடியில் புட்டியும் இருந்தது, பொட்டலமும் இருந்தது. இறங்க இன்னும் அரைமணி. கை பொட்டலத்துக்குத்தான் போனது.

அப்போது பார்த்து ரோச் தண்டலிடம் வாய் திறந்தான். "ஓய் தண்டல், புட்டியத் தொட வேண்டாம்னு சொல்லும். சோடாவக் குடிச்சிட்டு இறங்குனா அடியில போயி பொங்கும். பஸ்பத்தத் தின்னச் சொல்லும்."

மரியானின் கை நின்றது. என் இடத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கிறவன் எனக்கு நல்லதா சொல்வான்? பொட்டலத்தை மடியிலேயே திணித்தான்.

"பல்லப் பேத்தவன் வைத்தியம் சொல்லுதான்," என்றான் தண்டலிடம். "கேக்க நாம குடுத்து வச்சிருக்கணும்."

ஆளைக் கீழே இழுத்துப் போகும் கல்லில் கால் வைக்குமுன், ரோச் பார்க்கவேண்டும் என்றே, புட்டியை அண்ணாந்து ஒரே மடக்கில் காலி செய்தான்.

எரிச்சல் அடங்கியது. பத்துப் பாகம், அறுபதடி, சுகமாக இறங்கினான். மணலில் இரண்டு சங்கு, கைக்கெட்டும் தூரத்தில். குனிந்தான். வயிறு பேத்தை மீனாக உப்பியது. ஏப்பம் வெடித்துக்கொண்டு வந்தது. அடக்கிவைத்த மூச்சையும் இழுத்துக்கொண்டு வெளியே போனது. அந்த இடத்துக்கு உப்புத்தண்ணீர் புகுந்தது. கயிற்றை ஒருதரம் சுண்டினால் மேலே தூக்குவார்கள். கயிறு எந்தப் பக்கம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அவன் சுண்டாமலே கயிறு விறைத்தது.

வல்லத்தின் பலகையில் கிடந்து வெள்ளை நுரையாகக் கக்கினான். வரக்கூடாத நேரத்தில் பெரிய பெரிய குமிழி வந்ததைப் பார்த்து ரோச் இழுத்திருக்கிறான். அம்புரோஸ் வலைப்பையை உதறிப் பார்த்தார். மணல்தான் விழுந்தது.

"ரோச், நீ இறங்கு. மரியான், கயித்தப் பிடி."

இவனுக்குக் கயிறு பிடிக்கமாட்டேன் என்றான் மரியான். வேறு மச்சான் இந்த வல்லத்தில் இருந்தால் கூட்டிக்கொண்டு வா என்றார் தண்டல்.

ரோச் கல்லில் ஏறி நின்று மரியானின் முகத்தைப் பார்த்தான். "ஒனக்காக நான் இழுக்கல. வல்லத்துல பொணம் கிடந்தா இன்னைக்கு எவனும் குளிக்க முடியாது."

முங்கினான்.

கயிறு மரியானின் கைக்குள் ஓடி நின்றது. விரலைத் தளர்த்தினால் போதும். சின்னக் குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அம்புரோஸ் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கயிறு ஒருதரம் சுண்டியது. மரியான் இழுத்தான். கனத்தது. சங்கு நிறைந்த பையின் கனம். நாளைக்கும் மறுநாளைக்கும் இதை ஏற்றப்போகிறவன் தான்தான் என்பது, ரோச்சின் தலை தண்ணீருக்கு மேலே வருமுன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது.