பாலம் திறக்கும் நேரம்

தியாகராஜாவுக்கு நேரம் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சுவிஸில், பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்திரண்டு வருட வேலை. காலை ஐந்தரைக்கு ஷிப்ட். பனி கொட்டினாலும் காய்ச்சல் காய்ந்தாலும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. அதற்காகக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைக் காட்டுவதற்காக அவர் பிடித்து வைத்த விருந்தாளிகள் எத்தனை பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள் என்பது வேறு கதை.

வேலைக்கு அப்படி, வீட்டுக்கு வேறு. பெற்றோர் கூட்டமோ, பிறந்தநாளோ, அவர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். முதலாளி காத்திருக்க மாட்டார், வீட்டில் உள்ளவர்கள் காத்திருப்பார்கள் என்பது அவருடைய மனக்கணக்கு. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கே வெட்கமாக இருக்கும்.

இந்தக் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு லண்டன் பார்க்க வந்தார். மூத்தவள் கம்சிகாவுக்குப் பதினாறு வயது. அவளுக்குக் கேம்டன் சந்தை வேண்டும், அதுவும் அப்பா பத்தடி தள்ளி நடந்து வந்தால் நல்லது. கடைக்குட்டி பவித்திரனுக்கு ஐந்து வயது. அவனுக்கு டைனோசர் எலும்பு போதும், எந்த டைனோசர் என்றாலும் பரவாயில்லை. இருவருக்கும் நடுவில் பத்து வயதுக் கோதை. தேம்ஸ் நதியின் டவர் பாலம் இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்து கப்பலுக்கு வழி விடுவதை அவள் நேரில் பார்க்க வேண்டும். ஒரு வருடமாக அதே கதை. வீட்டிலுள்ள வெறும் பெட்டிகளெல்லாம் பாலமாகிவிட்டன.

ஐந்து நாட்களில் நான்கு ஓடிவிட்டன. பார்த்ததெல்லாம் சொந்தக்காரர் வீடுகள். ஹவுன்ஸ்லோவில் மச்சான் கமலநாதன் வீட்டில் தங்கல். எட்மண்டனில் ஒரே நாளில் மூன்று வீடு. லண்டனுக்கு வந்துவிட்டு எட்டிப் பார்க்காமல் போனான் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் தியாகராஜாவுக்கு நித்திரை வராது.

"லண்டனில இதுவரைக்கும் ஏழு சோபா பாத்திட்டம் அப்பா," என்றாள் கம்சிகா. "இனி என்ன பாக்கக் கிடக்கு?"

அவருக்குச் சுருக்கென்றது. கடைசி நாள் பாலத்துக்குத்தான் என்று கோதையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். பாலம் நினைத்தபடி திறக்காது, நேரத்தை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். கோதைதான் போனில் தேடிச் சொன்னாள்.

"ரண்டு மணிக்கு அப்பா. கப்பல் எங்களுக்காக நிக்காது."

"அப்பா இருக்கிறன், யோசியாதை பிள்ளை," என்றார் தியாகராஜா. அவர் மனைவி சந்திரவதனா பெட்டி அடுக்கப் போனாள். பதினெட்டு வருடம் அவரோடு வாழ்ந்தவள் வேறு என்ன செய்வாள்?

குட்மேய்ஸில் பெரியம்மாவின் மகள் நிர்மலா அக்கா வீடு ஒன்றுதான் பாக்கி. போகிற வழிதானே என்றார். ஹவுன்ஸ்லோ மேற்கே, குட்மேய்ஸ் கிழக்கே, பாலம் நடுவில். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான். ஆனாலும் பத்து மணிக்குப் போய், தேநீர் மட்டும் குடித்துவிட்டு, பன்னிரண்டுக்குக் கிளம்பினால் போதும் என்று ஒரு திட்டம் போட்டார். திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

தேநீரோடு ரோல்ஸ் வந்தது. பிறகு புட்டும் கோழிக்கறியும். அக்காவைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு அடிக்கும்போது அவளே வாய் திறந்து சொன்னாள்.

"தம்பி, பிள்ளையளைப் பாலம் பாக்கக் கூட்டிக்கொண்டு போக வேணுமெண்டெல்லே சொன்னனீ? நேரம் போகுது."

புத்தியுள்ளவன் அந்தக் கணமே எழுந்திருப்பான். தியாகராஜா சோபாவில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"அவசரமில்லை அக்கா. உங்கட பிள்ளையின்ர சாமத்தியவீட்டு வீடியோ நாங்கள் இன்னும் பாக்கேல்லையே."

அந்தப் பூப்புனித விழா வீடியோவில் மகள் குதிரை வண்டியில் வந்து இறங்குவதற்கே இருபது நிமிடம். அதற்குப் பிறகு ஆராத்தித் தட்டோடு வந்த ஒவ்வொருத்தரையும் நிறுத்தச் சொல்லி, "உவ ஆர்?" என்று விசாரித்தார். உவ ஆர் என்று தெரிந்ததும், அவளுடைய மாமனார் எந்த ஊர் என்று விசாரித்தார். பவித்திரன் பளிங்குப் பொம்மைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று, "அம்மா, இதுவோ மியூசியம்?" என்று கேட்டான்.

தற்செயலாகத் தியாகராஜா மணியைப் பார்த்தார். ஒன்று ஐம்பது.

துள்ளி எழுந்தார். எழுந்தாலும் எங்கள் ஆட்களுக்கு ஒரு வீட்டை விட்டு வெளியேறுவது லேசில் நடக்கிற காரியமா? சோபாவடியில் ஒரு "போட்டு வாறம்", சப்பாத்துப் போடும்போது ஒரு "போட்டு வாறம்", வாசலில் இன்னொன்று. கேற்றடியில் அவரே ஒரு புதுக் கதையைத் தொடங்கப் போனார். சந்திரவதனா கைப்பையால் முதுகில் ஒன்று போட்டாள்.

ரயிலில் யாரும் அவரை ஏசவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கோதை யன்னலோரம் இருந்து நிர்மலா அக்கா கட்டிக் கொடுத்த ரோல்ஸைக் கடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதால் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சமாளிக்கலாம். அழாத பிள்ளைக்கு என்ன சொல்வது? என்னிடம் இவள் எதையுமே எதிர்பார்க்கவில்லை என்று அவருக்குப் பட்டது. ரயில் பிந்திவிட்டது என்று ஒரு பொய்யாவது சொல்லலாம் என்றால், அந்தப் பாழாய்ப்போன ரயில் அன்றைக்கென்று ஒரு நிமிடம் பிசகாமல் ஓடியது.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கிப் பவித்திரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். "டைனோசர் எங்கை?" என்று கேட்டு அவன் தலைமயிரைப் பிடித்து ஆட்டினான். கம்சிகா பின்னாலிருந்து, "ஓடாதேங்கோ அப்பா, சனம் பாக்குது," என்றாள். திரும்பிப் பார்த்தால் மூவரும் சாவகாசமாக நடந்து வந்தார்கள். வயிற்றெரிச்சலில் வருகிற நடை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நதிக்கரைக்கு வந்தபோது மூன்றேகால். பாலம் இறுக மூடிக் கிடந்தது. அதன் மேலே சிவப்புப் பஸ்கள், எதுவும் நடக்காத மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. தியாகராஜா பவித்திரனை இறக்கிவிட்டு, கோதைக்கு முன்னால் குந்தினார்.

"பிள்ளை, அப்பாவில பிழை," என்றார். "ரயிலும் பிந்தேல்லை, அக்காவும் மறிக்கேல்லை. நான்தான் வீடியோ கேட்டனான். வேலைக்கெண்டால் நான் ஒருநாளும் பிந்தினதில்லை. உங்களுக்கெண்டால் மட்டும்..."

நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாகத் தனக்குத்தானே சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டார்.

கோதை தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள்.

"அழாதேங்கோ அப்பா," என்றாள் கோதை. "மூண்டரைக்குத்தான் திறக்கும்."

"என்ன?"

"ரண்டு மணியெண்டு உங்களுக்கு மட்டும்தான் சொன்னது."

தியாகராஜா கம்சிகாவைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள். கடைசி நம்பிக்கையாகப் பவித்திரனைப் பார்த்தார். அம்மா தலைக்கு மை பூசுவதை ஹவுன்ஸ்லோ முழுக்கச் சொல்லித் திரிந்த பிள்ளை அவன். வாயில் எதுவும் நிற்காது.

"அப்பாட்டைச் சொல்லக் கூடாதெண்டு சின்னக்கா சொன்னவ," என்றான் பவித்திரன். "நான் சொல்லேல்லை."

"இது எப்ப துடக்கம் நடக்குது?"

"கனகாலம்," என்றாள் கம்சிகா. "முந்தி ஒரு மணித்தியாலம் குறைச்சுத்தான் சொல்றனாங்கள். என்ர அரங்கேற்றத்துக்கு நீங்கள் அதுக்கும் பிந்தி வந்தீங்கள். பிறகுதான் ஒண்டரை ஆக்கினது."

அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பிள்ளைகள் தன்னைத் திருத்துவதை எப்போதோ கைவிட்டு, சமாளிக்கப் பழகிவிட்டார்கள் என்பது மெல்ல உறைத்தது. ஏசியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

அதற்குள் பாலத்தில் விளக்குகள் மின்னின. வாகனங்கள் நின்றன. வீதி நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் மெதுவாக வானத்தை நோக்கி எழும்பின. உயர்ந்த பாய்மரக் கப்பலொன்று கீழே நுழைந்தது. கோதை கத்திய கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்சிகாகூடப் போனைத் தாழ்த்தினாள். கோதை ஒரு கையால் அப்பாவின் சட்டையை இழுத்து இழுத்து, மறு கையால் காட்டிக் காட்டி, அந்தப் பாலம் எப்படி எழும்புகிறது என்று விளக்கினாள். தியாகராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முதல் முறையாக, தொடங்கும்போதே அங்கே இருந்தார். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கவும் வெட்கமாக இருந்தது, விடவும் மனமில்லை.

கப்பல் கடந்து, பாலம் இறங்கத் தொடங்கியபோது அவருக்கு இன்னொன்று தோன்றியது. மனைவியின் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

"இஞ்சேரும், நாளைக்குப் பிளேன் பத்து மணிக்கெண்டெல்லே சொன்னனீர்?"

"ஓம்."

"உண்மையா எத்தினை மணிக்கு?"

சந்திரவதனா பாலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் பத்து மணியெண்டே வைச்சிருங்கோ," என்றாள்.