மாயாண்டி மகனுக்கு ஒன்றும் தெரியாது

மாயாண்டியைக் குளிப்பாட்ட நீர்மாலைக்குப் போனவர்கள் பீலித் தண்ணீரில் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பும்போதுதான் துரையின் ரேஸ் கார் கீழ்வளைவில் இருமிற்று. ஈர வேட்டியோடு முன்னால் நடந்த சின்னராசாவின் கால் சட்டென்று நின்றுவிட்டது.

"பாவம், அப்பன நெனச்சுக்கிட்டான்" என்று பின்னால் வந்த பேச்சியம்மா மூக்கைச் சிந்தினாள்.

அவன் அப்பனை நினைக்கவில்லை. கராஜ் கையாள் பாவி கார்புரேட்டரில் கொழும்பு ஜெட்டை மாட்டியிருக்கிறானே என்று நினைத்தான். நினைத்ததை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டான். ஏனென்றால் மாயாண்டி மகனுக்கு ஒன்றும் தெரியாது. தோட்டம் பூராவும் அப்படித்தான் பேச்சு. நட்டு எது, போல்ட்டு எது என்று கேட்டால் முழிப்பான் என்று மாயாண்டியே கராஜில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். துரையிடமும் சொல்லியிருந்தார். லயத்து வரிசை வீட்டுப் பெண்டுகள் இந்தக் கதைக்குக் கைகால் வைத்து, ஸ்பேனரைக் கண்டால் பையனுக்குக் காய்ச்சலே வரும் என்று ஆக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நடந்தது வேறு. ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் அப்பனும் மகனும் அடித்துக்கொள்ளாத குறைதான். கிளப்புத் துரைமார் ஓட்டும் மண் ரேஸுக்கு இஞ்சினைக் குளிரவைக்க எந்தக் காத்தாடி மாட்டுவது? புழுதியில் வட்டமடிக்கிற வண்டிக்கு லாரிக் காத்தாடிதான் காற்றைத் தரும். ஆனால் ஆறு இலையும் சேர்ந்து இஞ்சினின் பலத்தைத் தின்றுவிடும். சின்னதைப் போட்டால் தண்ணீர் கொதிக்கும். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று இலையை அறுத்துவிடச் சொன்னது மகன். மலைமேட்டில் காற்று மெல்லிசு, அதனால் பெட்ரோலையும் குறைத்து விடவேண்டும், கொழும்பு ஜெட் போட்டால் கரும்புகைதான் என்று சின்னத் துளை ஜெட் செய்தது அப்பன்.

"தெரியும்னு வெளிய சொல்லிறாதடா. ஒருக்கா தோட்டத்துக் கராஜுக்குள்ள இழுத்தாங்கன்னா, அப்புறம் என்னைய மாதிரி காருக்கடியிலயே கெடப்ப" என்பார்.

சொன்னபடியே நேற்றுப் பகல் காருக்கடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்கிறாராக்கும் என்று கையாள் அழகன் வெகுநேரம் சத்தம் போடாமல் இருந்திருக்கிறான். அவன் மரியாதையே மரியாதை. ரேஸ் காரில் கழற்றிக் கிடந்ததையெல்லாம் பிறகு அவனே மாட்டியும்விட்டான்.

ஹட்டன் டவுனில் அன்ஸார் முதலாளி தன் லாரி கராஜில் திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேரச் சொல்லியிருந்தார். சின்னராசாவின் தகரப்பெட்டி கட்டிலடியில் தயாராக இருந்தது. ஆனால் குடியிருக்கிற லயத்துக் காம்பரா தோட்டத்துச் சொத்து. அப்பன் பேர் போய்விட்டது. கை விளங்காமல் போன அம்மா ராக்காயியின் பேரைப் போன வருசமே தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலிலிருந்து அடித்துவிட்டார்கள். இனி யாராவது ஒருத்தர் பேர் அதில் ஏறாவிட்டால் ராக்காயி எந்தக் கூரைக்கடியில் படுப்பாள்? இதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருமே கேட்காமல் கேட்டார்கள்.

கார் லயத்து வாசலுக்கு வந்ததும் நீராவி கக்கிக்கொண்டு நின்றது. சுடுகாட்டுக்குப் போக இருந்த ஒரே பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. துரை தொப்பியைக் கழற்றினார்.

"மாயாண்டி நல்ல மனுசன். ரொம்பச் சங்கடம்" என்றார். அடுத்த மூச்சிலேயே கணக்கப்பிள்ளை வீரய்யாவிடம், "ஞாயித்துக்கிழமை ரேஸ். யார் பாக்கிறது?" என்றார்.

"அழகன் இருக்கானுங்க தொரை."

அழகன் வாளியோடு ரேடியேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான். சின்னராசா கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தான். அப்போதுதான் உள்ளே ராக்காயியின் குரல் ஏறியது.

"ஆறு எலக் காத்தாடிய
மூணா அறுத்த ராசாவே...
ஒத்த மகன் காதுக்குள்ள
ஊரறியாமச் சொன்னீகளே...
ஊதுற ஜெட்டெல்லாம்
ஒளிச்சு வச்சுச் சொன்னீகளே...
சொன்னதெல்லாம் கத்தவன்
சும்மா நிக்கிறானே..."

கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்களின் அழுகை ஒவ்வொன்றாக நின்றது. தப்பு மேளமும் நின்றது. ஒப்பாரி வைக்கிறவளை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அது பொய் என்று மகன் சொல்லவும் முடியாது. ராக்காயி நிதானமாக இன்னொரு தடவை பாடினாள், கேட்காமல் விட்டவர்களுக்காக.

வீரய்யா துரையின் காதருகே குனிந்தார். துரையின் விரல் நீண்டது.

"நீ. இங்கே வா."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொரை."

ராக்காயி வாசலுக்கு வந்தாள். கையில் மாயாண்டியோடு குழியில் வைத்து அனுப்பவேண்டிய வெற்றிலைச் சுருக்குப்பை.

"உள்ள இது கெடந்துச்சு ராசா. ஏதோ பித்தளத் துண்டு. எனக்கென்ன தெரியும், நீயே பாரு."

கடுகளவு துளையுள்ள ஜெட். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானெட்டைத் திறந்ததும் வாய் முந்திக்கொண்டது.

"ஏண்டா அழகா, காத்தாடிய முதுகு மாத்தி மாட்டியிருக்கியே! காத்து எப்படிடா வரும்?"

அவ்வளவுதான். லயமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

கொதிக்கிற இஞ்சினுக்குள் கையை விட்டு நாலு போல்ட்டைக் கழற்றினான். காத்தாடியைத் திருப்பி மாட்டினான், ஜெட்டை மாற்றினான். பக்கத்தில் பாடை காத்திருந்தது. தப்படிக்கிறவர்கள் தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சிக்கொண்டார்கள்.

"வெரசா முடி தம்பி, மேல மழ இருட்டுது" என்றார் வீரய்யா.

கார் கிளம்பியது. இருமல் இல்லை, புகை இல்லை. துரை அவனுடைய ஈரத் தோளில் தட்டினார்.

"திங்கக்கெழம. காலையில பெரட்டுக்கு வா, வேலைக்குப் பேர் கூப்பிடுவாங்க."

"செக்ரோல்ல பேரப் போட்டுர்றேன். உங்கம்மா காம்பராவப் பத்திக் கவலப்பட வேணாம்" என்று வீரய்யா மெதுவாகச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற முகம்.

கை கழுவ நேரமில்லை. கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏற்றியபோது புதுக் குடத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

"குடத்துல கிரீஸ பூசிட்டானே!" என்றாள் பேச்சியம்மா.

"மாயாண்டியண்ணனுக்கு மஞ்சளா பூசுவாங்க?" என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்து, உடனே அழுதாள்.

குழி தேயிலைக்கு மேலே, சவுக்குமரத்தடியில். மூன்று சுற்றுச் சுற்றி, குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். பார்க்கவில்லை. கீழே மைதானத்தில் கார் வட்டம் வட்டமாகச் சுத்தமாக ஓடுவது மட்டும் காதில் விழுந்துகொண்டேயிருந்தது.

பீலியில் குளித்துவிட்டு வந்தார்கள். சுடுகாட்டுக்குப் போய் வந்தவன் முதலில் விளக்கைப் பார்க்கவேண்டும். சின்னராசா குனிந்து காம்பராவுக்குள் நுழைந்தான்.

கட்டிலடியில் இருந்த தகரப்பெட்டியை நடுவில் இழுத்துப் போட்டு, அதன் மேல் விளக்கை ஏற்றியிருந்தாள் ராக்காயி.

"வேற எங்க வைக்கிறது ராசா, தரையெல்லாம் ஈரம்" என்றாள். எண்ணெய் விட்டுக்கொண்டே, "கருமாதி வரைக்கும் அணையக் கூடாது. அசைக்கவும் கூடாதாம்."

திரி அதிகமாக வெளியே நீண்டிருந்தது. சுடர் கரும்புகையாய்க் கக்கிக்கொண்டிருந்தது. சின்னராசா பெட்டியின் முன்னால் குந்தினான். நகக்கண்ணில் கறுப்பு போகாத விரலால் திரியை ஒரு நெல்லளவு உள்ளே தள்ளினான். இன்னும் கொஞ்சம்.

புகை நின்றது.