பொன்னாடையும் பூனைக்கண் நத்தையும்

கடலுக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் சின்னண்ணன் கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்லை.

"தண்ணி லாரிக்குக் குடத்தத் தூக்கிட்டு நிக்கற ஊருல சிப்பிச் சங்கமா? அடுத்தது கப்பல் சங்கம் ஆரம்பிச்சுருவீங்களாட்ட இருக்குது" என்றார். இது பதினோரு வருடங்களுக்கு முன்னால். அப்படிக் கேலி பேசிய மனுஷன்தான் அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் என்னை வண்டியில் உட்கார வைத்து, நாமகிரிப்பேட்டையிலிருந்து சூரமங்கலம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வேன் கிளம்பும்வரை நின்று கை காட்டிவிட்டுத்தான் போவார். அதை இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சங்கத்தில் நாங்கள் ஒன்பது பேர். தலைவர் முகம்மது ஹனீப் அண்ணன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இலவச ரயில் பாஸ் சும்மா கிடக்கிறதே என்று ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று சுற்றி, போன இடத்திலெல்லாம் சிப்பி பொறுக்கி வீட்டு மாடி அறையை நிரப்பி வைத்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த மாடியில் கூட்டம். வருடத்துக்கு இரண்டு முறை வேன் பிடித்துக் கடற்கரைப் பயணம். அமாவாசையை ஒட்டித்தான் போவோம். அப்போதுதான் கடல் நன்றாக வற்றி, பாறைகள் வெளியே தெரியும்.

சங்கத்துக்கு ஒரே சட்டம். செத்த ஓட்டைத்தான் எடுக்க வேண்டும். உள்ளே உயிர் இருந்தால் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். கரையில் இறங்கினால் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போவோம், பாசியில் வழுக்கினால் பிடிக்க ஒரு கை வேண்டுமே. என் ஜோடி கௌசியா. சேலம் கோட்டைப் பக்கத்துக்காரி, இளம்பிள்ளைச் சேலைகளை வாட்ஸ்அப்பில் விற்கிறவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பதினோரு வருடமும் அவள் கையைப் பிடித்துத்தான் பாறை ஏறினேன். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நாலு வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர்க் கரையில், பலகை மாதிரிக் கவிழ்ந்து கிடந்த ஒரு பாறைக்கு அடியில் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தபோது, பொந்துக்குள் அது இருந்தது. எலுமிச்சம்பழ அளவு நத்தை. பழுப்பு ஓட்டில் கறுப்புப் பட்டைகள், எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. வாயை ஒரு வட்ட மூடியால் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மூடி சுற்றிலும் வெள்ளை, நடுவில் பச்சை. பூனை ஒற்றைக் கண்ணால் முறைப்பது போலவே இருக்கும். அதனால் எங்கள் ஆட்கள் அந்த ஜாதியைப் பூனைக்கண் என்பார்கள். படத்தில் பார்த்திருக்கிறோமே தவிர, சங்கத்தில் ஒருவர் கைக்கும் அதுவரை கிடைத்ததில்லை.

"உசுரோட இருக்குதுக்கா" என்று கௌசியா பெருமூச்சு விட்டாள். இருவரும் வந்துவிட்டோம்.

ஒளிப்பானேன், முதல் வருடம் எனக்குள் ஓர் ஆசை இருந்தது. என்றைக்காவது அது சாகும், ஓடு எனக்குத்தான் என்று. அடுத்தடுத்த பயணங்களில் முதல் வேலையாக அந்தப் பொந்துக்குத்தான் ஓடுவேன். அதேதான் இருக்கும். ஓட்டு வாயின் உதட்டோரம் எப்போதோ உடைந்து மறுபடி வளர்ந்த வெள்ளைத் தழும்பு ஒன்று உண்டு, அதை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, எனக்கு என்னமோ ஆகிப்போனது. திரும்பி வரும்போது வேனில் கௌசியாவிடம் சொன்னேன்: "அது சாகவே வேண்டாங்கண்ணு. நான் போறப்பெல்லாம் அங்க இருந்தாப் போதும்."

"பெங்களூருல இருக்குற புள்ளைங்களக்கூட இப்படித் தேடிப்போய்ப் பார்க்க மாட்டீங்க" என்று சிரித்தாள். உண்மைதான். பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட வேலை, போனால் தொந்தரவு. இது தொந்தரவு என்று ஒருநாளும் காட்டியதில்லை.

போன ஆடியில் எனக்கு வலது முட்டியை மாற்றி வைத்தார்கள். கார்த்திகைப் பயணத்துக்கு நான் போகவில்லை. கௌசியாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், பொந்தில் பார்த்துவிட்டு போன் பண்ணு என்று. அன்று மதியம் பண்ணினாள்.

"நல்லா இருக்குக்கா. உங்கள விசாரிச்சுச்சு."

போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அறிவுகெட்டவள்.

அன்றிலிருந்து தை அமாவாசைதான் என் குறி. மணல் மூட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, காலையில் இருபது தடவை, சாயந்திரம் இருபது தடவை. தூக்கும்போது உயிர் போகும். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சின்னண்ணன் எண்ணுவார்.

"பதினேழு... பதினெட்டு... நிறுத்தாத புள்ள. உன்ற நத்த அங்க பாத்துட்டிருக்குதில்ல? தூக்கு தூக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவேன். மஞ்சள் காயப்போடும் களத்தைத் தினமும் பத்துச் சுற்று நடந்தேன். மார்கழிக் கடைசியில் டாக்டர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, கைத்தடியும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் மேடு பள்ளத்தில் நடக்கலாம் என்றார். டாக்டருக்கு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

அமாவாசைக்கு முந்தின ஞாயிறு சங்கக் கூட்டம். ஹனீப் அண்ணன் வீட்டு மாடிப்படி செங்குத்து. நான் நன்றாகிவிட்டேன் என்று எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்று சின்னண்ணன் நீட்டிய கையைக்கூடப் பிடிக்காமல் ஏறினேன். மேலே போய் நின்றதும் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயணத்துக்கு வருகிறேன் என்றுதான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஹனீப் அண்ணன் ஒரு பொன்னாடையை விரித்து என் தோளில் போர்த்தினார்.

பொன்னாடையை எப்போது போர்த்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் அண்ணன் பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று போர்த்தினார்கள், மறுநாள் அவன் நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்தார். ஜரிகை கழுத்தில் குத்தியபோதே எனக்கு ஏதோ இடித்தது.

"பதினோரு வருசம் நம்மளோட வந்த தங்கச்சி சௌந்திரத்துக்குச் சங்கத்தோட ஒரு சின்ன அன்பளிப்பு" என்றார் அண்ணன். வந்த. வருகிற என்று சொல்லவில்லை.

கௌசியா ஒரு கண்ணாடிப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். பஞ்சு மெத்தையில் ஒரு நத்தை ஓடு. எலுமிச்சம்பழ அளவு. பழுப்பில் கறுப்புப் பட்டை. பக்கத்திலேயே அந்தப் பச்சைக் கண் மூடி. கீழே ஹனீப் அண்ணனின் அச்சு மாதிரியான கையெழுத்தில் ஒரு சீட்டு: 'பூனைக்கண் நத்தை. நிலை: இறந்த ஓடு. சேகரித்தவர்: சௌந்திரம்.'

பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உதட்டோரம் வெள்ளைத் தழும்பு.

"இது எங்க கெடச்சுது?" என்றேன்.

"கரையில ஒதுங்கிக் கெடந்துச்சுக்கா" என்றாள் கௌசியா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மூடியோடவா?"

நத்தை செத்தால் உள்ளே சதை அழுகும், மூடி கழன்று நாலு நாளில் கடலோடு போய்விடும். கரையில் ஒதுங்குகிற ஓட்டில் மூடி இருக்காது. மூடியும் ஓடும் ஒரே பெட்டியில் இருந்தால் அதை உயிரோடு எடுத்து வேகவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இது பாலபாடம். எனக்குப் பொய் சொல்ல வேண்டுமென்றால் மூடியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணை எறிய மனசு வரவில்லை அவர்களுக்கு. அதை வேகவைக்க மட்டும் மனசு வந்தது.

"கௌசி, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. யாரு எடுத்தது?"

"நான்தான்க்கா." அழ ஆரம்பித்துவிட்டாள். "லாட்ஜ்ல கெட்டில்ல வெந்நி வெச்சு... உங்களுக்காகத்தான்க்கா, அல்லா மேல ஆணையா."

"அது சாகவே வேண்டாம்னு உன்கிட்டச் சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க. ஆனா நீங்க இனிமே அந்தப் பாறை மேல ஏறவே முடியாது, அதப் பார்க்காமயே போயிருவீங்கன்னு... ஊட்டுலயாச்சும் பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கட்டும்னு..."

"எனக்குப் போன் பண்ணுனியே, நல்லா இருக்குதுன்னு. அப்ப அது எங்க இருந்துச்சு?"

"ஈரத்துணில சுத்தி மேசை மேல வெச்சிருந்தேன். அப்ப உசுரோடதான்க்கா இருந்துச்சு. பொய் சொல்லலக்கா நான்."

அடிப்பாவி! கொதிக்கிற கெட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு என்னை விசாரித்ததாகச் சொன்னாளே. பதினோரு வருடம் நான் பிடித்து ஏறிய கை அது. "நீங்கெல்லாம் வேடிக்க பாத்துட்டு நின்னீங்களா?" என்று மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சட்டம் எழுதிய ஹனீப் அண்ணனும் தரையைத்தான் பார்த்தார்.

"என்னால ஏற முடியாதுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது? டாக்டரே போலாம்னு சொல்லீட்டாரு. நான் இந்த வாரம் வேன்ல வாரனுங்க."

புதிதாகச் சேர்ந்திருந்த கலைமணி என்ற வங்கிக்காரப் பெண் நாற்காலி நுனியில் நெளிந்தாள். ஹனீப் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"உன் சீட்ட இந்தப் புள்ளைக்குக் கொடுத்தாச்சும்மா. கார்த்திகைப் பயணத்துக்கு முன்னாடியே மச்சான் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. சௌந்திரத்த இனிமே கூப்பிடாதீங்க, பேர எடுத்துருங்கன்னு. உனக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னாரு."

திரும்பினேன். சின்னண்ணன் வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, நெசமா?"

"கடல் பாறைல உழுந்து வெச்சீன்னா ஆரு பாக்கறது சௌந்திரம்? ஒருக்கா ஆசுபத்திரில உன்னயப் பாத்ததே எனக்குப் போதும்."

"நத்தைய எடுத்துட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"எப்ப இருந்து?"

"அவிய ஊர் திரும்புன அன்னைக்கே சொன்னாங்க."

"அப்பறம் எதுக்குங்க ரெண்டு மாசமா எதுத்தாப்புல உக்காந்து எண்ணுனீங்க? நத்த பாத்துட்டிருக்குது, தூக்கு தூக்குன்னீங்களே!"

"முட்டி நல்லாகோணுமில்ல புள்ள. ஏதாச்சும் ஆசை காட்டுனாத்தான நீ காலத் தூக்குவ?"

கோபத்தில் கத்துகிறவள் நான். தெருவில் லாரிக்காரனையே நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அந்த நிமிடம் எனக்குக் கத்த வரவில்லை. நாய்க்குட்டிக்கு பிஸ்கட்டைக் காட்டி நடக்கப் பழக்குவார்களே, அப்படி என்னைப் பழக்கியிருக்கிறார், அதுவும் இல்லாத பிஸ்கட்டை. என்னை எவ்வளவு முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் அந்த அறையில் ஒருவரும் என் எதிரி இல்லை. எதிரியாக இருந்திருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

கலைமணி எழுந்து நின்றாள். "நான் வரலைங்கக்கா, நீங்களே போங்க. எனக்குத் தெரியாதுங்க" என்றாள். பாவம், அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

ஹனீப் அண்ணனுக்கும் பேச்சு வந்தது. "சரிம்மா, தப்பு நடந்துபோச்சு. வெள்ளென வந்துரு, டிரைவர் பக்கத்துல முன் சீட்டு உனக்கு. கௌசியா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கறோம். அந்தப் பாறைக்கே கூட்டிட்டுப் போறோம்."

"நானும் வாரேன். நாம ரெண்டு பேருமே போலாம் சாமி" என்றார் சின்னண்ணன். என்னைச் சாமி என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"வந்து?" என்றேன். "அந்தப் பாறைக்கு வந்து நான் எதப் பாக்கட்டுங்க?"

கௌசியா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பெட்டியின் மூடியைத் திறந்து அந்த ஓட்டைக் கையில் எடுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் லேசாக இருந்தது. நாலு வருடத்தில் அதை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.