புட்டிக் கழுத்தில் கறுப்பு நூல்

இன்ஸ்பெக்டர் தராசுத் தட்டை விரலால் துடைத்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. பக்கத்தில் கைகட்டி நின்ற காசிநாதனுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

உடையார்பாளையத்தில் கம்பவுண்டராக இருந்து, கைச்சேமிப்பையும் மனைவியின் நகைகளையும் போட்டு அரியலூர்க் கடைத்தெருவில் இங்கிலீஷ் மருந்துக்கடை வைத்தவர் அவர். மருந்து விற்கிறவர்கள் இனி லைசென்ஸ் வாங்க வேண்டும், கிடைக்காதவர்கள் கடையை மூட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அவன் கப்பலேறிய பிறகுதான் ரயிலேறி அரியலூருக்கு வந்திருக்கிறது என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். காசிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷ மருந்து அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று. மேஜைமேல் யாருக்காகவோ கலந்து வைத்திருந்த புட்டியை இன்ஸ்பெக்டர் எடுக்கும்வரை.

"இதென்ன, புட்டிக்குத் திருஷ்டிக் கயிறா?"

"இல்லீங்க சார். கறுப்பு நூல் கட்டியிருந்தா மேலுக்குத் தேய்க்கிறது. கட்டாதது உள்ளுக்குக் குடிக்கிறது. நம்ம சனத்துக்கு எழுத்து தெரியாதுங்களே. முன்னெல்லாம் விஷ மருந்துக்குன்னு வரி வரியா மேடு வச்ச புட்டி மெட்ராஸ்லேருந்து வரும், இருட்டுல தடவினாலும் தெரியும். யுத்தம் வந்ததிலேருந்து அது நின்னுபோச்சு. எல்லாத்துக்கும் ஒரே புட்டிதான். அதனால நானா யோசிச்சுப் பண்ணினதுங்க."

"லேபிள் எங்கே? 'வெளிப்பூச்சுக்கு மட்டும்'னு சிவப்புல அச்சடிச்சது இருக்கணுமே."

காசிநாதன் இழுப்பறையிலிருந்து இங்கிலீஷில் அச்சடித்த சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்தார். வாசலில் வண்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த வீரமுத்துவைக் கூப்பிட்டு நீட்டினார். "வீரமுத்து, இது என்னான்னு தெரியுதா?"

வீரமுத்து அதைத் தலைகீழாகப் பிடித்து ரசித்தான். "சுருட்டு லேபிள்ங்களா? புது மார்க்கா இருக்குதே. காரமா இருக்குமா?"

காசிநாதன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கொஞ்சம் பெருமையாகவே பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"படிக்கத் தெரியாதது அவன் குத்தம் இல்ல. ஒட்டாதது உங்க குத்தம். சாயங்கால வண்டிக்கு முன்னால உங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா, வேண்டாமான்னு நான் எழுதணும். காபி சாப்பிட்டுட்டு வரேன்."

அவர் எதிர்வரிசை ஓட்டலுக்குள் போன கொஞ்ச நேரத்தில் இருசம்மாள் வந்தாள். கல்லங்குறிச்சிப் பக்கத்துக்காரி. இடுப்பில் குழந்தை, கையில் காலிப் புட்டி.

"கம்பவுண்டரய்யா, மாமியாருக்கு இருமல் மருந்து தீந்துபோச்சு. ராத்திரியெல்லாம் கொல்லுகொல்லுன்னு இருமி வூட்டுல ஒருத்தரையும் தூங்கவுடல."

"முட்டிவலிக்குத் தேய்க்கக் கொடுத்தேனே, அது எப்படி இருக்கு?"

"அது பாதிக்குமேல மாடத்துல இருக்குதுங்க. இது ரெண்டுக்கும் நடுவுல இந்தப் பய வேற அழுது தீத்துட்டான். இப்பத்தான் ரெண்டு நாளா ஓஞ்சிருக்கான். எல்லாம் உங்க கயிறு கட்டினப்புறம்."

"என்னோட கயிறா?"

அவள் குழந்தையின் காலைத் தூக்கிக் காட்டினாள். கொழுகொழுத்த கணுக்காலில் கறுப்பு நூல். காசிநாதன் போடும் இரட்டை முடிச்சின் நுனி அதில் அப்படியே இருந்தது. "மருந்துக்கே காவலா கட்டுற கயிறு, புள்ளைக்குக் காக்காதான்னு கழட்டிக் கட்டிவுட்டேன். நல்ல கை உங்களுக்கு."

காசிநாதன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். முட்டிக்குக் கொடுத்தது வச்சநாபி வேரின் விஷம் சேர்ந்த மருந்து. ஒரு மடக்கு உள்ளே போனால் நெஞ்சு நின்றுவிடும். இருமல் மருந்தும் அதே பழுப்பு நிறம், அதே புட்டி, அதே மாடம். கிழவி வீட்டில் தனியாக இருமிக்கொண்டிருக்கிறாள்.

"நீ பின்னால வா. நான் முன்னால போறேன்" என்று சைக்கிளை இறக்கினார். எதிரே வந்த இன்ஸ்பெக்டர், "எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார். "ஒரு நோயாளியப் பாக்கணும் சார், அவசரம்." கடையைப் பூட்ட வேண்டாம், இருப்பை எண்ண வேண்டியிருக்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

சுண்ணாம்புப் புழுதி கண்ணைக் கூசவைத்தது. வழியெல்லாம் குழந்தைகள். புளியமரத்தடியில் கல் எறிந்துகொண்டு, தாயின் தோளில் தூங்கிக்கொண்டு, எருமைமேல் படுத்துக்கொண்டு. கணுக்காலில், மணிக்கட்டில், இடுப்பில் கறுப்புக் கயிறு இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷம் இந்த ரோட்டில் போயும் அவர் அதைக் கவனித்ததில்லை. இதில் எதெது தன் கடையிலிருந்து போனது, எந்தெந்த வீட்டு மாடத்தில் கழுத்து வெறுமையாகப் புட்டி நிற்கிறது என்று எண்ணம் ஓட ஓட, பெடல் கனத்தது.

இருசம்மாளின் மாமியார் பொன்னம்மாள் வாசல் வேம்பு நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புட்டி. தக்கையின் ஓரம் பிய்ந்து எச்சிலாகியிருந்தது.

"குடிச்சியா ஆத்தா?"

"எங்கத்த குடிக்கிறது? நல்ல வேள வந்தீங்க. இந்தப் பாழாப்போற தக்கைய எம் மருமவ எப்படித்தான் அடிச்சி எறக்குனாளோ! சளி அடைச்சிக் கெடக்கு, மூக்குல ஒரு மண்ணும் ஏறல. ஒரு மடக்கு குடிச்சா எளகும்னு எம்மாம் நேரமா மல்லுக்கு நிக்கிறேன். எனக்கு மட்டும் பல்லு இருந்திருந்தா எப்பவோ காலி பண்ணிருப்பேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் வாய் நிறையச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறிற்று.

காசிநாதன் புட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "என்னா சாமி, மொகம் வெளுத்துக் கெடக்கு? மோர் குடிக்கிறீங்களா?" என்றாள் பொன்னம்மாள்.

அவர் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து மையை ஊதிக்கொண்டிருந்தார். முகம் காலையில் பார்த்த முகமாக இல்லை.

"வாங்க காசிநாதன். நீங்க போனப்புறம் ஒரு அம்மா வந்தாங்க, கண்ணு சரியாத் தெரியாது போல. மேஜைமேல இருந்த புட்டியக் கழுத்தத் தடவிப் பாத்துட்டு, 'கறுப்புக் கட்டிருக்கு, இது தேய்க்கிறது, குடிச்சிப்புடாதே தம்பி'ன்னு எனக்கே புத்தி சொல்றாங்க. அதுக்கப்புறம் வந்தவங்களும் மொதல்ல கழுத்தத்தான் பாக்கறாங்க. நான் தப்பா நெனச்சுட்டேன். லேபிளும் ஒட்டுங்க, நூலையும் விடாதீங்க. லைசென்ஸுக்குச் சிபாரிசு பண்ணிட்டேன். மத்த ஊர்க் கடைகள்லயும் இந்த முறையக் கொண்டுவரலாம்னு மேலேயும் எழுதியிருக்கேன்." பேனாவை மூடினார். "அவசரம்னு ஓடினீங்களே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க சார்."

அது பொய்யில்லை. ஒன்றும் ஆகவில்லை. கிழவி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சைக்கிள் கைப்பிடியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. ஸ்டேஷனுக்குப் போக வீரமுத்து வண்டியைப் பூட்டிவிட்டான். இன்ஸ்பெக்டர் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். நாளைக்கும் கடையைத் திறக்கலாம். நாளை மறுநாளும் திறக்கலாம். மற்ற ஊர்க் கடைகளிலும் புட்டிக்குப் புட்டி நூல் கட்டுவார்கள்.

காசிநாதன் வாசலுக்குப் போனார். பையிலிருந்து புட்டியை எடுத்துவந்து, மை காயாத காகிதத்தின் பக்கத்தில் வைத்தார்.

"இதென்ன?"

"நாபி மருந்துங்க. நம்ம கடையில கட்டிக் கொடுத்ததுதான்."

இன்ஸ்பெக்டர் அதைக் கையில் எடுத்தார். அரைநாளில் பழகிவிட்ட விரல், தானாகவே கழுத்தைத் தடவிற்று. ஒருமுறை சுற்றி வந்து, மறுபடியும் சுற்றிற்று. பிறகு புட்டியை வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தினார். மாடத்துப் புகையும் தூசியும் படிந்த கண்ணாடியில், நூல் இருந்த இடம் மட்டும் மெல்லிய வளையமாகத் துலங்கிக்கொண்டிருந்தது.