நண்டு விட்ட வரப்பு

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் மன்னார்குடிக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் ஆடு மாடுகூட வெளியே தலைகாட்டாது. எல்லையம்மாள் மட்டும் கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நண்டு பிடிக்கப் போகிறாள் என்று ஊர் நினைத்தது. அது பாதி சரி. பிடித்த நண்டு ஒன்றுகூட அவள் சட்டிக்குப் போனதில்லை என்பதுதான் ஊருக்குத் தெரியாது.

மழையில் நடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வாய்க்கால் கரையில் தவளைகள் பஞ்சாயத்துக் கூட்டுவதையும், எல்லாம் கத்தி ஓய்ந்தபின் தலைவர் மாதிரி ஒரு பெருந்தவளை ஒற்றை வார்த்தை சொல்வதையும் நின்று கேட்பாள். நாணலில் ஏறும் நத்தையைப் பார்த்துக்கொண்டே ஒரு வெற்றிலையை மென்று முடிப்பாள். "ஏறு, ஏறு. மேல என்ன சாமியா ஒக்காந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பாள். சிரித்த மறுகணம் பக்கிரியின் நினைப்பு வரும். நெஞ்சு கொதிக்கும்.

பக்கிரி அவள் புருஷன். மிராசுதார் காயாரோகணத்தின் நிலத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே குத்தகைக்கு உழுதவன். குத்தகைக்காரன் பெயரைச் சர்க்காரில் பதியலாம் என்று சட்டம் வந்த வருஷம், இவனும் ஆசைப்பட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போய் வந்தான். அதோடு பிடித்தது சனி. தை மாதம், விளைந்து நின்ற பயிரை அறுக்க மிராசுதார் தன் ஆட்களை இறக்கினார். குறுக்கே போய் நின்ற பக்கிரியை, அவர் ஏவியபடி, அவருடைய நிலபுலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரன் முருகையன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மடைக் கல்லில் தலை மோதியது. பக்கிரி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

போலீஸ் வந்து கேட்டபோது மிராசுதார் வெயிலுக்குப் பிடித்த குடையைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்: "வரப்பு வழுக்கிடுச்சுங்க."

முருகையனும் அதையே சொன்னான். ஊர் தரையைப் பார்த்தது. வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடந்த வரப்பு அது. வரப்புதான் கொன்றது என்றால் வரப்பே பதில் சொல்லட்டும் என்று எல்லையம்மாள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

பக்கிரி இருந்தவரை வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி, சேற்றை அப்பி, நண்டு வளைகளை அடைத்துவிடுவான். அண்டை வெட்டுவது என்று அதற்குப் பெயர். சொந்தச் சாகுபடி என்று இறங்கிய மிராசுதார் அந்தக் கூலியை மிச்சம் பிடித்தார். புண்ணியவான், எல்லையம்மாளுக்கு அவர் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

வாய்க்காலில் பிடித்த நண்டுகளைக் கொண்டுபோய் அவள் அந்த வரப்பில் விட்டாள். சும்மா விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி விட்டாள்.

"நீ, அந்தாளு குடையத் தாழ்த்தாம பேசினதுக்கு. போ."

"நீ, பொணம் கெடக்கையிலயே கதிர்க்கட்டு தூக்கினதுக்கு. நல்லாத் தோண்டு."

நண்டுகள் மறுபேச்சு பேசாமல் மண்ணுக்குள் இறங்கின. அடுத்த மழைக்காலமும் அதே வேலை. அவளிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மேலே புல் மூடி வரப்பு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. உள்ளே எல்லாம் பொந்து.

மூன்றாம் வருஷ ஐப்பசியில் வயலில் தண்ணீர் நிற்காமல் வடிந்துகொண்டே இருந்தது. முருகையன்தான் பக்கத்து வயல்காரனுக்குத் திருட்டுத்தனமாக மடை திறந்துவிடுகிறான் என்று மிராசுதாருக்குச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு மாலை தனியாகவே புறப்பட்டு வந்தார். கொட்டும் மழையில் அந்தக் குடை வரப்பின்மேல் வருவதைப் புங்கமரத்தடியிலிருந்து எல்லையம்மாள் பார்த்தாள். 'அந்தப் பக்கம் போகாதீங்க' என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. வெற்றிலைச் சாற்றோடு சேர்த்து விழுங்கினாள்.

மடையருகே அவர் காலை வைத்ததும் வரப்பு அப்படியே உள்வாங்கியது. குடை ஒரு பக்கம் பறந்தது. அவர் வடிகாலில் மார்பளவுத் தண்ணீரில் கிடந்தார். சரிந்து விழுந்த மடைக் கல் காலை நசுக்கியிருந்தது.

"யாரது, எல்லையம்மாளா? கையக் குடு தாயி."

தாயி என்று அவர் வாயிலிருந்து வருவது அவள் ஆயுளில் முதல் தடவை. அவள் உடைந்த வரப்பின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பேசாமல் எழுந்து போய்விட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் செத்துப்போனால் வரப்பு சொன்ன பதிலை யார் கேட்பது? இந்த ஆள் கிடந்து கேட்க வேண்டும், நொண்டி நொண்டி நடந்து தினமும் கேட்க வேண்டும்.

எழுந்து நின்று குரல் கொடுத்தாள். முதலில் முருகையன் ஓடி வந்தான், பின்னாலேயே ஊர் வந்தது. கல்லைப் புரட்டி மிராசுதாரைத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே கால் துவண்டு தொங்கியது.

"எப்படி விழுந்தாரு? நீ பாத்தியா?" என்று முருகையன் அவளைக் கேட்டான்.

அந்த வலியிலும் மிராசுதார் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். எல்லையம்மாள் கொங்காணியைத் தாழ்த்தவில்லை.

"வரப்பு வழுக்கிடுச்சுங்க" என்றாள்.

முருகையன் தலை குனிந்துகொண்டான். ஊர் தரையைப் பார்த்தது.

அவள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்குப் பிடித்த நண்டுகள்தான் முதல்முறையாக அவள் சட்டியில் வெந்தன.