கருஞ்சிறகனுக்கு முட்டிவலி

அவள் வருவதைப் பார்த்ததுமே புத்தகக் கடைக்காரர் வழக்கம்போல அந்த மாதத்துக் கருஞ்சிறகன் படக்கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து எடுத்து வைக்க வேண்டாங்க" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே நின்று அழுதிருப்பாள்.

துணிக்கடையொன்றில் ஆல்டரேஷன் தைக்கிறவள் அவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். சர்க்கரை முதலில் அவர் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தில் கைவைத்தது. போன வாரம் டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. அவருக்குப் பிடிச்சதைச் செஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். மீசை முளைக்காத வயதில் படிக்க ஆரம்பித்த கருஞ்சிறகன் கதை எப்படி முடிகிறது என்று தெரியவேண்டும்.

அது முடிகிற கதையா? கண் போனதிலிருந்து அவள்தான் படித்துக் காட்டுகிறாள். முதல் மாதம் பக்கத்தை எப்படிப் படிப்பது என்றே தெரியாமல் கட்டங்களை இடமிருந்து வலமாகப் போகாமல் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனாள். குண்டடிபட்டுச் செத்தவன் எழுந்து வசனம் பேசினான். 'டமால்', 'சர்ர்ர்' எல்லாவற்றையும் ரயில் வருகையை அறிவிப்பதுபோல ஒரே குரலில் வாசித்தாள். "அதையெல்லாம் விட்டுடு தாயே" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

இப்போது அவரைவிட அவளுக்குத்தான் கோபம் வருகிறது. கருஞ்சிறகனுக்காகக் காத்திருக்கும் அந்தப் பத்திரிகைக்காரப் பெண் இன்றுவரை கன்னிப்பெண். ஒருமுறை கல்யாணமும் ஆனது, குழந்தையும் பிறந்தது. அடுத்த வருஷமே அதெல்லாம் வேறு ஏதோ உலகத்தில் நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். வில்லனின் கதையை முடித்தால் வில்லனின் தம்பி வருகிறான், தம்பியை முடித்தால் வில்லனே வருகிறான். பிரித்துத் தை, தைத்ததைப் பிரி என்று ஒரே சட்டையை மாதாமாதம் கொண்டுவருகிற வாடிக்கையாளரை அவள் எப்போதோ கடையைவிட்டுத் துரத்தியிருப்பாள். "லிஃப்டுகூட ஏதாவது ஒரு மாடியில நிக்கும். இவன் எங்கயும் நிக்க மாட்டேங்கிறானே" என்பார் அவர். சலித்துக்கொள்வார், ஆனால் வாங்காமல் இருக்கமாட்டார்.

அன்று சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்து படித்தாள். அவர் கண்ணை மூடியிருந்தாலும் சண்டை வந்தபோதெல்லாம் விரல்கள் போர்வையில் அசைந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கருஞ்சிறகன் மறுபடியும் ஏதோ ஒரு ஓட்டைக்குள் விழுந்துகொண்டிருந்தான். கீழ் மூலையில் சிவப்பில் 'தொடரும்'. பாழாய்ப் போகிறவன், இந்த மாதமாவது முடித்திருக்கக் கூடாதா?

மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, படிக்கிற குரலிலேயே சொல்ல ஆரம்பித்தாள். கருஞ்சிறகன் வீட்டுக்கு வருகிறான். அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள். முகமூடியைக் கழற்றிவிட்டு, 'இனிமே பறக்க முடியாது, முட்டி ரொம்ப வலிக்குது' என்கிறான். அவள் அங்கியை வாங்கி, கிழிசலைத் தைத்து, மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். அவன் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போகிறான்.

சொல்லி முடித்தாள். அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"முட்டிவலின்னா சொன்னான்?"

"ஆமாங்க."

"கீழ என்ன போட்டிருக்கு?"

"முற்றும்னு போட்டிருக்கு."

அவர் உதடு கசந்த சிரிப்பில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. "அவன் செத்தப்பவும் அப்படித்தான் போட்டாங்க. நான் ரெண்டு நாள் சாப்பிடல. நாலு மாசத்துல சவப்பொட்டியைத் தெறந்துக்கிட்டு வந்து நின்னான்."

"இந்தத் தடவை நெஜமாவே முடிஞ்சிடுச்சுங்க."

"போடி. நம்மளத்தான் முடிப்பாங்க. அவனை முடிக்க மாட்டாங்க."

நல்லதாக ஒரு முடிவைத் தைத்துக் கொடுத்தும் அதை உடுத்திக்கொள்ள அவரால் முடியவில்லை. இத்தனை வருஷம் ஏமாற்றி ஏமாற்றி, நம்புகிற இடத்தையே அவர் மனசிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை நினைத்தபோது, டாக்டர் சொன்னபோது வராத அழுகை வந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

"அடுத்த மாசத்துக்குச் சொல்லி வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்."

"மறந்துடாத. தீர்ந்துபோயிடும்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மூச்சு ஒரு சீருக்கு வரும்வரை அவள் புத்தகத்தை மூடவில்லை. பிறகு விரலை எடுத்துப் பார்த்தாள். மலிவான மை, வியர்வையில் கட்டைவிரலெல்லாம் சிவப்பாக ஒட்டியிருந்தது. புடவையில் தேய்த்தாள், போகவில்லை. தாளில் 'தொடரும்' லேசாகக் கலைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.