குறிப்பு: தாலி நிழல்

1

இந்தக் கதை ஓர் 'ஆமாம் சார்' என்பதிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். 1979-இல் முதலியார்பேட்டையில் ஒரு மில் வாசலில் நின்ற எக்ஸ்ரே வண்டியில் உதவியாளனாக இருந்தேன். காசநோய் முற்றும் முன்பே தொழிலாளர் குடும்பங்களின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கும் வண்டி. ஏழு வருடமாக இதன் தொடக்கத்தை எழுதி எழுதி அடிக்கிறேன்.

அஞ்சலாட்சி மிகவும் தைரியசாலியான—

இல்லை. அவள் பயந்தாங்கொள்ளி. அதனால்தான் நோட்டீசில் போட்டதை அப்படியே செய்தாள்.

2

நோட்டீசில் போட்டிருந்தது: சங்கிலி, ஊக்கு எதுவும் மேலே இருக்கக் கூடாது. பின்னலைத் தூக்கிக் கட்ட வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் பிடிக்க வேண்டும். விடச் சொன்ன பிறகுதான் விட வேண்டும்.

[பெண்கள் எல்லாம் செய்வார்கள், தாலியை மட்டும் கழற்ற மாட்டார்கள். தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். படத்தில் வட்டமாக விழும். டாக்டர் சிரிப்பார். நான் குறிப்பில் 'தாலி நிழல்' என்று எழுதுவேன். நாளைக்குப் பத்துப் பதினைந்து.]

அஞ்சலாட்சிக்கு இருமல்கூட இல்லை. கணவன் கண்ணையன் மில்லில் வேலை பார்த்தான், அவன் சொல்லித்தான் வந்தாள். மாமியார் செல்வாம்பாள் வெளியே பூவரச மரத்தடியில் காத்திருந்தாள். திரைக்குப் பின்னால் தனியாக நின்றவளுக்கு, சொன்னபடி செய்யாவிட்டால் படம் கெட்டுப்போகும் என்று மட்டுமே தோன்றியது. கழற்றினாள். சுவரிலிருந்த ஆணியில் மாட்டினாள். கழுத்து சில்லென்றது. கண்ணையன் இந்நேரம் மெஷினில் நிற்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

[இங்கே மில் சங்கு ஊதியதாக எழுதினேன். பொய். எதுவும் ஊதவில்லை. அந்த அமைதிதான் மோசம்.]

தடுப்புக்கு இப்பாலிருந்து நான் குரல் கொடுத்தேன். "மூச்ச இழும்மா. புடி."

3

மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலது பக்கம் நாலணா அகலத்துக்கு ஒரு வட்டம். "தாலிதானே?" என்றார். நிமிராமலே "ஆமாம் சார்" என்றேன்.

மூன்றாம் நாள் 'தாலி நிழல், நோய் இல்லை' என்ற சீட்டை நான் வாசித்துக் காட்டியபோது செல்வாம்பாளுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, எம் மருமவ கழட்டல!" என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே மரத்தடிக்குப் போனாள்.

அஞ்சலாட்சி வண்டிப் படியை விட்டு இறங்கவில்லை.

"சார், அது தாலி இல்ல சார்." என்னிடம் கிசுகிசுத்தாள். "ஆணில மாட்டிட்டுத்தான் நின்னேன். அப்ப உள்ள இருக்கறது இன்னா?"

"திரும்ப எடுக்கணும்னா, அது தாலி இல்லன்னு எழுதணும்மா. சீட்டு ஊட்டுக்கு வரும்."

"ஐயோ, வாணாம் சார். தெரிஞ்சா என்ன ஊட்ல சேக்க மாட்டாங்க."

"இன்னாடி அங்க பேச்சு?" மரத்தடியிலிருந்து செல்வாம்பாள். "அதான் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்களே!"

அஞ்சலாட்சி போய்விட்டாள்.

4

படம் சரியாக விழவில்லை என்று ஒரு பொய்யை எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். அது எனக்குத் தோன்ற இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் வண்டி வேறு ஊரில் நின்றது. வெட்கமாக இருக்கிறது. [அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும் என்றுதான் போகவில்லை.]

முதல் முடிவு: அவள் கண்ணையனிடம் மட்டும் சொல்கிறாள். அவன்—

இரண்டாம் முடிவு: அது எப்போதோ ஆறிப்போன பழைய தழும்புதான், அவள் இன்றைக்கும்—

5

லாஸ்பேட்டை குவார்ட்டர்சில் பட்டப்பகலில்தான் எழுதுகிறேன். ஆனாலும் இரண்டாம் பகுதிக்கு வரும்போதெல்லாம் அறையில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது கேட்கிறது. அடக்கின மூச்சு எப்படிக் கேட்கும்? அந்த வண்டியில் வேலை பார்த்தவனுக்குக் கேட்கும்.

நேற்று பழைய தாள்களையெல்லாம் புரட்டினேன். எல்லாவற்றிலும் "புடி" என்று எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட அதற்கடுத்த சொல் இல்லை. மேலே இரண்டாம் பகுதியைத் திரும்பப் பாருங்கள். அங்கும் இல்லை.

ஏழு வருடமாக அஞ்சலாட்சி பலகையில் நெஞ்சை அழுத்தி, வெறும் கழுத்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. நீங்களாவது "விடும்மா" என்று சொல்லுங்கள்.

சொன்னதும் அவள் திரும்பி, உள்ளே இருப்பது என்னவென்று உங்களிடம் கேட்பாள்.